மூடிய பதிவும் திறந்த கதவும்

போன் அலறியது!

சனிக்கிழமை காலை. வெக்ஸ்போர்ட்டில் ஆறாவது மாடி அப்பார்ட்மென்ற். புட்டுக்கு மா குழைத்த கையோடு அன்ரனெற் ஓடிவந்து ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ..."

மறுமுனையில் மூச்சு மட்டும். பின்னால் பஸ் ஒன்று சீறி நின்ற சத்தம்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"களவெடுத்த அன்ரனெற்றோ?"

ஆண் குரல்! துணியால் பொத்திய குரல்!

"பிழையான நம்பர்..."

"நம்பரும் சரி, ஆளும் சரி. பார்க்டேல் கடை. காஷில நிண்டு ரண்டு சட்டியும் ஒரு நீலக் கம்பளியும் காசில்லாமல் வெளியால விட்டனி. பொலிஸ், கோடு, நீதவான் எல்லாம் பாத்தனி. இப்ப பதிவை மூடிப்போட்டாங்களாம். அவங்கள் மூடினா என்ன... நான் வாயைத் திறப்பன்!"

அவள் சுவரோடு சாய்ந்தாள்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"காசில்லை, பயப்பிடாதை. ஒரு கதவு வேணும்."

"கதவோ?"

"பிறம்ரனில நீ வேலை செய்யிற மணிக்கூட்டு வெயார்ஹவுஸ். வாற வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி பள்ளிக்குத் தொழப் போவார். வேலையாக்களும் அவரோட போவாங்கள். நீ தனிய நிப்பாய். பின்கதவின்ர பூட்டைத் திறந்துபோட்டு முன்னுக்கு இருந்து தேத்தண்ணி குடி. அவ்வளவுதான்."

"நான் மாட்டன்!"

"அப்ப முதலாளிக்கு ஒரு போன் போகும். சாவியை ஆரிட்டைக் குடுத்தனெண்டு அந்த மனுசனுக்குத் தெரியவேண்டாமே?"

டக்!

ரிசீவரை வைத்தாள். அதன் கறுப்பில் அவளுடைய ஐந்து விரல்களும் மாவால் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

விரலடையாளம்!

ஏழு வருடங்களுக்கு முன்பு பொலிஸ் நிலையத்தில் அதே விரல்களைக் கறுப்பு மையில் உருட்டி எடுத்தார்கள். போன வருடம் அதே பதிவை மூடச் சொல்லிக் கேட்பதற்கும் மறுபடி விரல்களைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அழிக்கக் கேட்கிறவளும் முதலில் அடையாளம் பதிக்கவேண்டும். அந்த விசித்திரத்தை நினைத்து அன்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

இன்று வரவில்லை.

ரிசீவரை முந்தானையால் துடைத்தாள். துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

செய்த குற்றம் பெரிதில்லை. ஆனால் செய்தது உண்மை. 1990இல் பார்க்டேலில் ஒரு கடையில் அவள் காஷியர். ஊரிலிருந்து இந்தக் குளிர்நாட்டில் வந்திறங்கிய புதிதில் அவளுக்கு அறை பிடித்துக் கொடுத்தவள், குளிருக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவள் பேபி அக்கா. அந்தப் பேபி அக்கா ஒருநாள் அவளுடைய லைனில் வந்து நின்றாள். ஒரு பெரிய சூட்கேஸ். இரண்டு சட்டி. கண்ணால் ஒரு கெஞ்சல்.

அன்ரனெற் சூட்கேசுக்கு விலை அடித்தாள். சட்டிகளுக்கு அடிக்கவில்லை. தெரிந்த சனத்துக்கு முகத்தை முறிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கூரையில் இருந்த கமராவுக்கு அவளுடைய கைதான் தெரிந்தது. வாடிக்கையாளரின் முகம் தெரியவில்லை.

"யாருடைய சட்டிகள்?" என்று கடையின் காவல் அதிகாரி கேட்டான். பொலிஸ் கேட்டது. அவள் வாயே திறக்கவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பாகியது. பேபி அக்காவின் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

அதன் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் அதே கேள்வி. "குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டிருக்கிறீர்களா?" அந்தக் கேள்வி இல்லாத வேலைகளாகப் பார்த்துப் போனாள். வயல்களில் மீன்தூண்டிலுக்குப் புழு பொறுக்கினாள். அலுவலகங்களில் கழிவறை கழுவினாள். காத்திருக்க வேண்டிய வருடங்களைக் காத்திருந்தாள். கடைசியில் மன்னிப்பு வந்தது. பதிவை மூடி ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இப்போது பிறம்ரனில் மணிக்கூட்டு வெயார்ஹவுஸ் ஒன்றில் வேலை. சேர்ந்த மூன்றாம் கிழமை முதலாளி ரிஷாத் சாவிக்கொத்தை அவளிடம் கொடுத்தார். அன்று இரவு அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள்.

அந்தச் சாவிக்கு இப்போது ஆபத்து!

ஆனால்... நீலக் கம்பளி?

நீதிமன்றத்தில் குற்றத்தை வாசித்தபோது நிலத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு சொல்லையும் கேட்டவள் அவள். சட்டிகள் இரண்டு. கம்பளி இல்லை. அவள் எந்தக் கம்பளியையும் வெளியே விடவில்லை.

அவளுடைய குற்றத்தில் யாரோ ஒரு கம்பளியைக் கூட்டியிருந்தார்கள்!

"ஆரப்பா போனில?"

கணவன் ஸ்ரனிஸ் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். பேக்கரியில் மாவோடு மாரடிக்கிறவன். கையில் தமிழ்ப் பேப்பர். அவளைக் கண்டதும் அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"பிழையான நம்பர். உது என்ன ஒளிக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. பழைய பேப்பர்."

"பழைய பேப்பரை ஏன் ஒளிக்கவேணும்?"

"ஒளிக்கேல்லையப்பா! குப்பைக்குள்ள போடப்போறன்."

அவன் போட்டான். அதற்கு முன்பு ஒரு பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் செருகியதை அவள் கண்ணாடியில் கண்டாள்.



மன்னிப்புக் கிடைத்தது யாருக்குத் தெரியும்? அவளுக்கு. ஸ்ரனிசுக்கு. வேறு ஒருவருக்கும் அவள் மூச்சுக்கூட விடவில்லை. பேபி அக்காவுக்கும் சொல்லவில்லை. அப்படியானால்...

சீ! ஒரே பாயில் படுக்கிற மனுசனை...

சந்தேகம் வந்த பிறகு அவன் தேநீர் உறிஞ்சுகிற சத்தம்கூட வேறு விதமாகக் கேட்டது.

கதவு தட்டப்பட்டது.

பேபி அக்கா! இப்போது இதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருக்கிறாள். கையில் ஒரு கிண்ணம்.

"இந்தா, கத்தரிக்காய்ப் பால்கறி. என்னடி, பேய் அறைஞ்சமாதிரி நிக்கிறாய்?"

ஸ்ரனிஸ் குளிக்கப் போகும்வரை காத்திருந்து அன்ரனெற் மெல்லச் சொன்னாள்.

"அக்கா... ஆரோ போன் பண்ணி வெருட்டுறான். பழைய பார்க்டேல் கதை."

பேபி அக்காவின் கை வாயைப் பொத்தியது. கண் கலங்கியது.

"ஐயோ! என்னாலதானே உனக்கு உந்தக் கரைச்சல் எல்லாம்! ஆரடி அவன்?"

"தெரியேல்லை. பொலிசிட்டைச் சொல்லுவமோ எண்டு..."

"விசரே உனக்கு? பொலிசுக்குப் போனா அவங்கள் முதல்ல உன்ர பழசைத்தான் கிண்டுவாங்கள். பேசாமல் இரு. அண்டைக்கு இருந்தாய்தானே, அப்பிடி இரு. உன்ரை மாதிரி ஒரு வாய் எனக்கு இல்லையடி."

அவளுடைய தலையைத் தடவிவிட்டுப் பேபி அக்கா போனாள். தடவிய இடம் நெடுநேரம் கனத்தது. தன் மௌனத்தை ஒருவர் புகழ்ந்தால் மனம் குளிர வேண்டாமா? ஏன் இப்படி வியர்க்கிறது?

திங்கட்கிழமை.

மாசிக் குளிர் எலும்பைக் கடித்தது. வழக்கம்போல் பேபி அக்காவின் புருஷன் சண்முகநாதன் காரோடு கீழே நின்றார். அவருக்கும் பிறம்ரனில்தான் வேலை. மூன்று கிழமையாக அவளைக் கொண்டுபோய் விடுகிறார்.

"ஏறு பிள்ளை. ஹீற்றர் இண்டைக்கும் வேலை செய்யேல்லை. காலைப் போத்திக்கொண்டு இரு."

போர்த்திக்கொண்டாள்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியது. சண்முகநாதன் வழக்கம்போல் வாய் மூடவில்லை.

"உங்கட முதலாளி எப்பிடி? இப்பவும் வெள்ளிக்கிழமையில பள்ளிக்குப் போறவரோ?"

"ஓம் அண்ணை..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமைத் தொழுகையைப் பற்றி அவள் வேறு யாரிடம் சொன்னாள்? யாரிடமும் இல்லை. இந்தக் காருக்குள் மட்டும்தான்! ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "வெள்ளிக்கிழமை மத்தியானம் நான்தான் அங்க ராணி அண்ணை, எல்லாரும் போயிடுவினம்."

மெல்ல, மிக மெல்ல, கண்ணைக் கீழே இறக்கினாள்.

மடியில் கம்பளி.

நீலக் கம்பளி!

மூன்று கிழமையாக இதைத்தான் போர்த்திக்கொண்டு போகிறாள்! ஓரத்தைத் திருப்பினாள். வெளுத்துப்போன லேபல். பார்க்டேல் கடையின் பெயர்.

"அண்ணை..." குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். "நல்ல கம்பளி. எங்க வாங்கினது?"

"உதோ? பழசு. பார்க்டேலில இருக்கேக்க பேபி கொண்டுவந்தது. சூட்கேசுக்குள்ள வச்சு..."

சட்டென்று நிறுத்தினார். இருமினார். ரேடியோவைத் திருகினார்.

அவள் வெளியே பார்த்தாள். பனி. பனி. பனி.

சூட்கேசுக்குள்! அன்று அவள் ஒழுங்காக விலை அடித்த அந்தச் சூட்கேசுக்குள் ஒரு கம்பளியும் சுருண்டு கிடந்திருக்கிறது! கடைக்குத் தெரியாது. பொலிசுக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது. அந்தக் கம்பளியைப் பற்றி உலகத்தில் தெரிந்தவர்கள் அதன் கீழ் படுத்தவர்கள் மட்டும்தான்!

பாவம், அதுவும் வழக்கில் சேர்ந்தது என்று சண்முகநாதன் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போர்வையை உதறி எறிய வேண்டும்போல் இருந்தது. எறியவில்லை. எறிந்தால் தெரிந்துவிடும். களவுக் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பிறம்ரன்வரை பல்லைக் கடித்தபடி இருந்தாள். அது சூடாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பேபி அக்காவுக்கு இது தெரிந்திருக்கக் கூடாது... இந்த மனுசன்தான் அவளுக்கும் தெரியாமல்... அப்படித்தான் இருக்கவேண்டும்...

ரிஷாத்தின் அறைக்கதவுக்கு முன்னால் நின்றாள். கை உயர்ந்தது. இறங்கியது. மறுபடி உயர்ந்தது.

சொல்லவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மூடியது மூடியதுதான். சொன்னால் சாவி போகும். சொல்லாவிட்டால் கதவு போகும்.

தட்டினாள்.

"வாங்க தங்கச்சி. ஏன் நிண்டுகிட்டு? இருங்க."

சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். அவரை அவள் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் அழைப்பாள்.

"ரிஷாத் நானா, முதல்ல உந்தச் சாவியை எடுங்கோ. பிறகு நான் சொல்லுறதைக் கேளுங்கோ. நிப்பாட்டாதேங்கோ. நிப்பாட்டினா எனக்குத் திருப்பிச் சொல்ல வராது."

சொன்னாள். சட்டிகள். கமரா. நீதிமன்றம். மன்னிப்பு. போன். வெள்ளிக்கிழமை. பின்கதவு. எல்லாம்.

ரிஷாத் தாடியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சா?"

"ஓம்."

"ஒங்கட பழைய கேஸ் எனக்குத் தெரியும்."



"என்னது?!"

"என்ட வைஃப் றசீனா தமிழ்ப் பேப்பர்ல ஒரு எழுத்து விடமாட்டா. மரண அறிவித்தல், வாடகை ரூம், நன்றி விளம்பரம்... எல்லாம் எனக்குச் சத்தமா வாசிச்சும் காட்டுவா. 'என் மனைவி அன்ரனெற்றின் பொலிஸ் பதிவை மூடித் தந்த கோடி அற்புதர் புனித அந்தோனியாருக்கு நன்றி. ஸ்ரனிஸ், வெக்ஸ்போர்ட்.' படத்தோட!"

"ஐயோ! என்ர படமோ?"

"இல்ல புள்ள. அந்தோனியார்ட படம்."

கிழித்த பக்கம்! சட்டைப்பை! அவள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். அரசாங்கம் மூடியதை அவளுடைய புருஷன் அச்சடித்து, கடை கடையாய் இலவசமாகப் போட்டிருக்கிறான்!

"அப்ப... தெரிஞ்சும் ஏன் சாவியைத் தந்தனீங்கள்?"

"அந்த விளம்பரத்தைக் கேட்ட அடுத்த நாள்தான் தந்தேன். சட்டப்படி மூடினத நான் ஏன் திறக்கணும்? வேலை எப்பிடிச் செய்றீங்க எண்டு பாத்தேன். அது போதும்." சாவிக்கொத்தை அவள் பக்கம் தள்ளினார். "இப்ப நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. போன்ல வெருட்டினது ஆரெண்டு தெரியுமா?"

அறை சுருங்கியது.

அதே கேள்வி! ஏழு வருடங்களுக்கு முன்பு கடையின் பின்னறையில் கேட்ட அதே கேள்வி! யாருடைய சட்டிகள்? அன்று பேசாமல் இருந்ததை நன்றி என்று நினைத்தாள். விசுவாசம் என்று நினைத்தாள். உண்மையில் அது பயம். 'நல்ல பிள்ளை' என்ற பெயர் போய்விடுமே என்ற பயம்.

நாக்கு ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்தாள்.

"தெரியும். சண்முகநாதன். என்னை வேலைக்குக் கொண்டுவந்து விடுறவர்."

ரிஷாத் போனை எடுத்துப் பொலிசுக்கு அடித்தார்.

அன்று மாலை ஸ்ரனிஸ் வீட்டுக்குள் காலை வைத்ததும் அவள் கையை நீட்டினாள்.

"பொக்கற்றுக்குள்ள இருக்கிறதைத் தாங்கோ."

"எ... எது?"

"அந்தோனியாரை!"

அவன் முகம் புட்டுப்போல் உதிர்ந்தது.

"நேர்த்தி வச்சனானப்பா! மன்னிப்புக் கிடைச்சா பேப்பரில நன்றி போடுறனெண்டு. போடாட்டிப் பாவம். போட்ட பிறகுதான் யோசிச்சன், நீ கண்டா என்னைக் கொல்லுவாயெண்டு..."

"நன்றி போட்டது சரி. என்ர பேரை ஏன் போட்டனீங்கள்?"

"பேர் போடாட்டி அவருக்கு ஆரெண்டு விளங்குமே? எத்தினை கேஸ் பாக்கிற மனுசன்!"

கத்தத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டு நாட்களாக இவனைப் போய்ச் சந்தேகப்பட்டாளே! அதை அவனிடம் சொல்லவில்லை. மூடி வைக்கவேண்டிய பதிவுகள் மனதிலும் சில இருக்கின்றன.

வியாழக்கிழமை போன் மறுபடி அலறியது.

"என்ன முடிவு?"

"திறந்து விடுறன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்!

ரிஷாத்தும் வேலையாட்களும் வான் வண்டியில் ஏறினார்கள். நடிப்பு இல்லை. "பொலிஸ் வேலைய பொலிஸ் பாக்கட்டும், நான் ஜும்மாத் தொழுகைய விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே போனார்.

வெயார்ஹவுஸ் மௌனமானது. பெட்டி அடுக்குகளின் பின்னால் இரண்டு பொலிஸ்காரர்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அன்ரனெற் பின்கதவின் பூட்டைத் திறந்தாள். முன்னால் வந்து உட்கார்ந்தாள். தேநீர்க் கோப்பையை எடுத்தாள். குடிக்காமல் திரும்ப வைத்தாள்.

வராமல் போனால்? நான் பொய்காரி ஆகிவிடுவேனா? வந்தால்? ஒருவனைக் காட்டிக்கொடுத்தவளாக எப்படி மறுபடி அந்த லிஃப்டில் ஏறுவேன்?

கிறீச்...

கதவு!

காலடி. சண்முகநாதனின் கனத்த காலடி. அதன் பின்னால்...

கட... கட... கட... கட...

சில்லுகள்! சீமெந்துத் தரையில் எதையோ உருட்டிக்கொண்டு வருகிறார்கள்!

அன்ரனெற் எழுந்தாள். முன்னால் இருக்கும்படி பொலிஸ் சொன்னதை மறந்தாள். அடுக்குகளின் இடைவெளியால் பார்த்தாள்.

பெரிய சூட்கேஸ். அவள் தன் கையால் விலை அடித்த சூட்கேஸ். அதை உருட்டிக்கொண்டு வந்தவள்...

பேபி அக்கா!

"கெதியா அள்ளுங்கோ! நல்ல மணிக்கூடுகளை அந்தக் கம்பளியால சுத்துங்கோ, கண்ணாடி உடைஞ்சிடும்."

"அவள் முன்னுக்கு இருப்பாளப்பா..."

"இருந்தா இருக்கட்டும்! ஒருக்கா வாயை மூடினவள் இன்னொருக்காவும் மூடுவாள். அவளை எனக்குத் தெரியும்."

உள்ளே ஏதோ ஒன்று அறுந்தது. வலிக்கவில்லை. ஏழு வருடமாகத் தூக்கிச் சுமந்த ஒன்றைக் கீழே வைத்ததுபோல் தோள் லேசாகியது.

"பொலிஸ்! அசையாதே!"

வெளிச்சம் பாய்ந்தது. ஒரு பெட்டி சரிந்தது. மணிக்கூடுகள் தரையெங்கும் உருண்டன. சண்முகநாதன் இரண்டு கையையும் தூக்கினார். தோளில் கிடந்த நீலக் கம்பளி நழுவிக் காலடியில் விழுந்தது.

"எப்பிடித் தெரியும்? என்ர குரலைப் பொத்தித்தானே கதைச்சனான்..."

"கம்பளியைப் பொத்தேல்லையே அண்ணை," என்றாள் அன்ரனெற். "என்ர கேசில ரண்டு சட்டிதான். கம்பளி உங்கட வீட்டுக் கணக்கு."

பேபி அக்கா புருஷன் பக்கம் திரும்பினாள். கைவிலங்கு பூட்டுகிறபோதும் அவள் வாய் நிற்கவில்லை.

"கம்பளியைப் பற்றி உங்களை ஆர் கதைக்கச் சொன்னது? மொக்கு மனுசன்!" பிறகு இவள் பக்கம். "அன்ரனெற்! நீயுமா என்னை... அண்டைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லேல்லையேயடி!"

"அண்டைக்குச் சொல்லாததுதான் அக்கா என்ர உண்மையான குற்றம். அதுக்கு ஒரு கோட்டிலயும் மன்னிப்புக் கேக்கேலாது."

பேபி அக்கா விம்மினாள். இந்தமுறை கண்ணீர் உண்மையானது.

"என்ர பேர் நாறப்போகுதே! பொலிஸ் பதிவு விழப்போகுதே! இனி ஆரடி எனக்கு ஒரு வேலை தருவாங்கள்?"

அன்ரனெற் குனிந்தாள். நீலக் கம்பளியை எடுத்தாள். உதறினாள். ஒழுங்காக மடித்துப் பொலிஸ்காரரின் கையில் கொடுத்தாள்.

"அழாதேங்கோ அக்கா. தண்டனை முடிஞ்சு அஞ்சு வருசம் ஒழுங்கா இருந்தா உங்கட பதிவையும் மூடுவாங்கள். அந்தோனியார் உங்களைப்போலச் சைவச் சனத்துக்கும் செய்யிறவர்... பேப்பரில நன்றி போடுறதுக்கு எங்கட ஸ்ரனிஸ் இருக்கிறார்!"